அரண்மனைப் பூங்காவில் ஒரு மாபாவி

ராஜபாளையம் அரண்மனைப் பூங்காவின் நீண்ட வரலாற்றில் சமுத்திரம் தன் முத்திரையைப் பதித்தது ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. பதித்தது பின்பக்கத்தால்.

முழுத் தப்பும் அவனுடையது என்று சொல்ல முடியாது, முக்கால்வாசி சொல்லலாம். ‘ஈரம். உட்காராதீர்’ என்று ஓர் அட்டை அங்கே இருக்கத்தான் செய்தது. வெக்கையாக இருக்கிறதே என்று அந்த அட்டையை எடுத்து விசிறிக்கொண்டவனும் அவன்தான், விசிறிக்கொண்டே பக்கத்துச் சிமெண்ட் மேடையில் அமர்ந்தவனும் அவன்தான். மேடை சில்லென்று இருந்தது. ஆகா, இதுவல்லவா பூங்கா என்று கண்ணை மூடினான். கண்ணைத் திறந்தபோது எழுந்திருக்க வரவில்லை.

“டீச்சர்,” என்றான் மெதுவாக. “என்னைச் செத்த பிடிச்சு இழுங்க.”

வைஜயந்தி டீச்சர் இழுக்கவில்லை. கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்கள் பள்ளியில் முப்பத்தோரு வருஷம் தமிழ் நடத்தி, லட்சக்கணக்கான கட்டுரை நோட்டுகளில் சிவப்பு மை கொட்டி ஓய்வு பெற்றவர் அவர். பிழை எங்கே இருக்கிறதோ அங்கே ஓர் ஆள் ஒளிந்திருப்பான் என்பது அவருடைய ஒரே துப்பறியும் சூத்திரம். ரதவீதியில் ஒரு மாடி அறை எடுத்து ‘விசாரணை’ என்று பலகை மாட்டியிருந்தார். பலகையைப் பார்த்துப் பாதிப்பேர் மேலே ஏறி வந்து சிவகாசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள். உதவியாளர் சமுத்திரம் தப்பில்லாமல் பதில் சொல்லுவான். பத்தொன்பது வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். ஊரையே ‘உள்ள போங்க, சீட்டு இருக்கு’ என்று ஏற்றிவிட்டவனுக்கு அத்தனை வருஷத்தில் ஒரு சீட்டு வாய்த்ததில்லை. அந்த ஏக்கம்தான் இன்று அவனைச் சிமெண்டில் கொண்டுபோய் உட்கார்த்தியது.

“சாட்சியம் எதையும் தொடாதேங்கோன்னு சொன்னேனா இல்லையா?” என்றார் டீச்சர்.

“தொடலை டீச்சர். உக்காந்தேன்.”

ஒருவழியாக எழுந்தான். மேடையில் இரண்டு பள்ளங்கள், பக்கத்துக்கு ஒன்றாக, அச்சாக விழுந்திருந்தன. அதற்குள் காலை நடைக்காரர்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் போனை எடுத்துப் படம் பிடித்தார். ஒரு வெள்ளை நாய், ராஜபாளையத்து நாய்க்கே உரிய கௌரவத்தோடு, குரைக்காமல் பல்லை மட்டும் காட்டியது.

“யாருய்யா நீ? யோகா மேடைய்யா அது! சனிக்கிழமை திறப்பு விழா!”

கத்திக்கொண்டு வந்தவர் ஹரிப்ரசாத், பூங்காப் பராமரிப்புக் குழுவின் செயலாளர். வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, வெள்ளை டிராக் சூட், வெள்ளை மீசை. கோபம் மட்டும் சிவப்பு.

“மன்னிக்கணும் சார். நல்ல கலவை. நல்லாப் பிடிக்குது,” என்றான் சமுத்திரம், பாராட்டாக.

“நீங்கதான் அந்தத் திருட்டுப்பயலுக்கு வக்காலத்து வாங்க வந்த ஆளுங்களா? நல்லாத் தெரிஞ்சுக்கோங்க. சாயங்காலம் அஞ்சு மணி. அதுக்குள்ள கல்லு வரலைன்னா மனு ஸ்டேஷனுக்குப் போகுது. அவன் வேலையும் போகுது.”

அஞ்சு மணிக்கு இன்னும் எட்டு மணி நேரம் இருந்தது. சமுத்திரத்தின் கால்சட்டை காய்வதற்கு அது தாராளம்.

விஷயம் இதுதான். இந்தப் பூங்கா இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் ஒரு சின்ன ஜமீனின் அரண்மனை இருந்தது. வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசிய ஜமீன். ஜமீன் ஒழிந்தபின் அரண்மனையை யாரும் இடிக்கவில்லை. ஆளுக்கு நாலு செங்கல் என்று ஊரே எடுத்துக்கொண்டு போயிற்று. சுற்றுவட்டாரத்தில் எந்த மாட்டுக்கொட்டடியின் சுவரைச் சுரண்டினாலும் உள்ளே கொஞ்சம் அரண்மனை இருக்கும். கடைசியில் மிஞ்சிய தரையில் வேப்பங்கன்று நட்டு, இரும்புக் கதவு போட்டு, பூங்கா என்றார்கள். தர்பார் மண்டபம் இருந்த இடத்தில் இப்போது பூப்பந்தாட்டம். குதிரை லாயத்தில் கழிப்பறை. வாசனையில் பெரிய மாற்றமில்லை என்பார்கள்.

அரண்மனையின் ஞாபகமாக மிஞ்சியது ஒரே ஒரு கல். இரண்டு முழ நீளம், ஒரு ஜாண் அகலம். நடைபாதையில், இப்போது மேடை கட்டியிருக்கும் மூலைக்கு நாலு எட்டுத் தள்ளி, தரையோடு தரையாகப் பதிந்திருந்தது. அதில் மூன்று வரி:

மாபாவி
கருத்தையா
தவ்வினதி

வாசல் பலகையில் அதன் கதை இருந்தது. கருத்தையா என்ற வேலைக்காரன் அரண்மனை நகையைத் திருடிக்கொண்டு மதில் தாண்டித் தவ்வி ஓடிய இடம் இது. ராணி வயிறெரிந்து கல் வெட்டி வைத்தார். கல்தச்சனுக்கு எழுத்து போதாததால் ‘தவ்வினது’ என்பது ‘தவ்வினதி’ ஆகிவிட்டது. இவ்வளவும் பலகையில் பெயின்ட்டில் எழுதியிருந்தது.

கதை தெரிந்த ஊர் சும்மா இருக்குமா? நடைக்காரர்கள் ஒவ்வொரு சுற்று முடியும்போதும் அந்தக் கல்லின்மேல் ஓங்கி ஒரு மிதி மிதிப்பார்கள். சுற்று என்ற பேச்சே பூங்காவில் இல்லை. “இன்னைக்கு எத்தனை மிதி?” “எட்டு மிதி. சுகர் இருக்குல்ல.” இப்படித்தான்.

திங்கட்கிழமை காலை மிதிக்கக் காலைத் தூக்கியவர்கள் பார்த்தால் கல் இல்லை. குழிதான் இருந்தது. பூங்காக் காவலாளி மாரீஸ்வரன், தேவதானத்துக்காரன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் வேலைக்கு மனுப்போட்டபோது பாட்டன், பூட்டன் பெயரெல்லாம் கேட்டிருக்கிறார்கள். பூட்டன் பெயர் கருத்தையா என்று எழுதிவிட்டான். மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். செயலாளர் மறக்கவில்லை. பூட்டன் திருடன், பேரன் கல்திருடன் என்று செவ்வாய்க்கிழமை மனு தயாரானது. அன்றைக்கே அவன் மனைவி நாகஜோதி, தளவாய்புரத்தில் நைட்டி தைத்துக்கொண்டிருந்தவள், மனுவின் நகலோடும் கல்லின் பழைய படத்தோடும் ஸ்ரீவில்லிபுத்தூர் மாடி ஏறினாள். பஸ் நேரம் கேட்கவில்லை, உட்கார்ந்து அழுதாள்.

காவலாளி அழவில்லை. கருவேப்பிலைச் செடி ஓரமாக இருந்த தகரக் கொட்டகை வாசலில், விளக்குமாற்றை ஈட்டி மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“தம்பி,” என்றான் சமுத்திரம். “நேராக் கேக்கேன். கல்லை நீ எடுத்தியா?”

“நீரு போலீஸா?”

“இல்ல.”

“பொறவு என்னத்துக்குக் கேக்கீரு?”

“உம் பொண்டாட்டி கேக்கச் சொன்னாவ.”

“அவளைக் கேளும்.”

சமுத்திரம் பெருமூச்சு விட்டான். கொட்டகை வாசலில் ஒரு தட்டைக் கல், அதன்மேல் சாக்கு, சாக்கின்மேல் தண்ணீர்ப் பானை. ஓரத்தில் ஓர் ஆள் ஒண்ட இடம் இருந்தது. பானையைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு உட்காரப் போனான்.

“ஏலே!” மாரீஸ்வரன் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கை எழும்பியது. “அதுல உக்காராதீரும்!”

“ஏம்ப்பா?”

“பின்னால சிமெண்டை அப்பிட்டு வந்திருக்கீரு. ஒட்டும். தள்ளும்!”

நியாயமான காரணம்தான். அன்றைக்கு எங்கே போனாலும் இதே கதை. டீக்கடையில் பெஞ்சில் உட்காரப் போனான்; கடைக்காரர் சங்கரலிங்கம் வடைக் கரண்டியை நீட்டித் தடுத்தார். “நின்னுக்கிட்டே குடிக்கீரா, இல்ல போறீரா?” வாசல் பலகைக்குக் கீழே திட்டில் சாயப் போனான், நடைக்காரப் பெண் ஒருத்தி, “அண்ணே, அது புதுப் பெயின்ட்டு. நீங்க எங்க போனாலும் அச்சு வைக்கீயளே,” என்றாள். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அது நட்பான சிரிப்பு அல்ல. காவலாளிக்காக வந்தவன் என்பது பூங்கா வாட்ஸப் குழுவில் அதற்குள் போய்விட்டது. படத்தோடு. பின்பக்கப் படம்.

டீச்சர் இவை எதையும் கண்டுகொள்ளவில்லை. புங்க மரத்தடி இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து மனுவைத் திருத்திக்கொண்டிருந்தார். ஆமாம், திருத்திக்கொண்டுதான். சிவப்புப் பேனா.

“எத்தனை மார்க் டீச்சர்?”

“நாற்பதுக்கு மேல தேறாது. ஆனா செயலாளர் சுமாரான ஆளில்லை. ‘ஐயன்மீர்’னு போட்டிருக்கார், ஒற்றெல்லாம் கூட ஒழுங்கா மிகுது. அப்படிப்பட்டவர் ரெண்டே விஷயத்துல சறுக்கறார், பாருங்கோ.”

பார்த்தான். மனுவில் மூன்று இடத்தில் ‘மா பாவி கல்’ என்று வந்தது. மூன்றிலும் ‘மா’வுக்கும் ‘பாவி’க்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. டீச்சர் மூன்றையும் வட்டம் போட்டிருந்தார்.

“மாபாவி ஒரே சொல். யாரும் பிரிச்சு எழுத மாட்டா. ஆறாங்கிளாஸ்ல தூங்கினவன்கூட. அடுத்து இது. வாசல் பலகையிலேயே ‘தவ்வினது’ன்னு திருத்திப் போட்டிருக்கு. கல்லோட படத்துல நானே திருத்தியிருக்கேன். இவர் மட்டும் கல்தச்சன் பண்ணின தப்பைச் சிரத்தையா, ‘தவ்வினதி’ன்னே எழுதறார்.”

“அவசரத்துல எழுதியிருப்பாரு.”

“அவசரத்துல கையெழுத்து மாறும். புத்தி மாறாது.” பேனாவை மூடினார். “இவர் இந்த மூணு வரியை நம்ம மாதிரி படிக்கலை, சமுத்திரம். வேற மாதிரி படிச்சிருக்கார். எப்படின்னுதான் தெரியலை.”

மதியம் ஆனது. சஞ்சீவி மலைக்குமேல் ஒரு மேகம் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போயிற்று. சமுத்திரம் இரண்டாம் தடவை காவலாளியிடம் போனான்.

“தம்பி, எடுத்தியா இல்லையா? ஒரு வார்த்தை.”

“சாப்ட்டீரா?”

“இல்ல.”

“போயிச் சாப்பிடும்.”

மூன்றாம் தடவை கேட்டதற்கு, “மழை வருமா வே?” என்றான் மாரீஸ்வரன். நான்காம் தடவை விளக்குமாற்றை எடுத்து, சமுத்திரம் நின்ற இடத்தைக் கூட்டத் தொடங்கினான். காலுக்கு அடியில் விளக்குமாறு வர வர, சமுத்திரம் தவ்வித் தவ்விப் பின்னால் போய், மதிலில் முட்டிக்கொண்டான். எதிரிகள் பக்கத்தில் இத்தனை வசவு வாங்கலாம், சரி. காப்பாற்ற வந்த ஆளிடமே வாங்குவதற்கு ஒரு தனித் திறமை வேண்டும்.

மூன்று மணிக்கு அவனால் தாங்க முடியவில்லை. சிமெண்ட் காய்ந்து, நடந்தால் கருக்கு மொருக்கு என்று சத்தம் வந்தது. பூங்காவின் பின்மதிலில் ஒரு சின்ன வழி இருந்தது. அதையடுத்து ஒரு பழைய வீட்டின் கொல்லைப்பக்கம். அங்கே குழாய் இருக்கும், ஒரு வாளி தண்ணீர் கேட்கலாம் என்று போனான்.

கொல்லையில் ஓர் அம்மாள் மோட்டார் ரூம் வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். மூக்குத்தி, முழங்காலில் பட்டை. சமுத்திரத்தையும் அவன் கால்சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். அவன் வாயைத் திறக்கும் முன் அந்த அம்மாள் போனுக்குள் கத்தினார்:

“பாவிலோ நீள்ளு லேவு!”

சமுத்திரத்துக்குச் சுரீர் என்றது. காலையிலிருந்து நாய்கூடப் பல்லைக் காட்டிவிட்டது, பொறுத்துக்கொண்டான். ஆனால் கேட்பதற்கு முன்னாலேயே வசவா?

“அம்மா, தண்ணி இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. எதுக்குப் பாவின்னு திட்டுதீய? நான் அப்படி என்ன பண்ணிட்டேன்? மேடையில உக்காந்தேன். அது ஒரு குத்தமா?”

அந்த அம்மாள் போனை இறக்கினார். “யாருப்பா உன்னைத் திட்டினது? எந் தங்கச்சி கிட்ட பேசிட்டிருக்கேன். கெணத்துல தண்ணி இல்லைன்னு சொன்னேன்.”

“பாவின்னு காதுல விழுந்துச்சே.”

“பாவின்னா கெணறு. எங்க தெலுங்குல.” மேலும் கீழும் பார்த்தார். “உன்னைத் திட்டணும்னா தமிழ்லயே திட்டுவேன். எனக்கென்ன பயமா?”

அவர் பெயர் ஜயலக்ஷ்மி என்பதும், அரைவாளி தண்ணீர் தருமளவுக்கு நல்லவர் என்பதும், அந்த அரைவாளியைச் சிமெண்ட் சட்டைசெய்யவில்லை என்பதும் பின்னால் தெரிந்தது. சமுத்திரம் முன்னைவிட நனைந்து திரும்பினான். மனசு மட்டும் லேசாகியிருந்தது, திட்டு தனக்கில்லை என்பதால்.

“டீச்சர், ஒரு கூத்து கேளுங்க. பின்மதிலுக்கு அந்தப் பக்கம், முழங்கால்ல பட்டை போட்ட ஒரு அம்மா சொன்னாவ. இந்த ஊர்ல பாவின்னா கெணறாம். நம்ம வாழ்நாள்ல எத்தனை பேரைக் கெணறே கெணறேன்னு திட்டியிருக்கோம்!”

அவனே சிரித்தான். டீச்சர் சிரிக்கவில்லை. சிவப்புப் பேனாவின் மூடி கையிலிருந்து நழுவி உருண்டு போயிற்று. முப்பத்தோரு வருஷ வேலையில் அவர் பேனா மூடியைத் தொலைத்ததில்லை.

“அந்த அம்மாவைக் கூப்பிடுங்கோ,” என்றார். “இல்லை, நாமளே போவோம். முழங்கால்ல பட்டைன்னேளே.”

ஜயலக்ஷ்மி அம்மாள் கல்லின் படத்தைக் கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு கிட்டத்தில். உதடு அசைந்தது.

“இது தெலுங்கு,” என்றார்.

“எழுத்து தமிழா இருக்கே,” என்றான் சமுத்திரம்.

“எங்களுக்கு யாருக்கப்பா தெலுங்கு எழுத்து தெரியும்? பேச்சுதான் தெலுங்கு. எங்கம்மா எனக்குக் கடுதாசி போட்டா, தெலுங்கைத் தமிழ் எழுத்துலதான் எழுதுவா. எங்க வீடுகள்ல எல்லாம் அப்படித்தான்.” விரலை வைத்து வைத்துப் படித்தார். “மா. பாவி. எங்க கெணறு. கருத்தையா தவ்வினதி. கருத்தையா தோண்டினது.”

“தவ்வினதின்னா குதிச்சது இல்லையா?” சமுத்திரத்தின் குரல் அவனுக்கே சின்னதாகக் கேட்டது.

“குதிக்கிறது உங்க தமிழ்ல. எங்களுக்குத் தவ்வுறதுன்னா வெட்டுறது, தோண்டுறது. ‘எங்கள் கிணறு, கருத்தையா தோண்டியது.’ இதுல திட்டு எங்க இருக்கு? வேலை செஞ்சவன் பேரை மரியாதையா எழுதி வச்சிருக்காங்க.”

“நீங்க இத்தனை நாளும் இதைப் படிச்சதில்லையா?”

“மூட்டு வலிக்காரி நடைக்கு எங்கப்பா வருவேன்? வந்திருந்தாலும் வாசல்ல பலகையை வாசிச்சிட்டுத்தான் வந்திருப்பேன். பாவின்னு எழுதி வச்சிட்டா பாவின்னுதான் கண்ணுக்குப் படும்.”

டீச்சர் படத்தை வாங்கி, தான் சிவப்பில் போட்டிருந்த ‘து’வைப் பார்த்தார். சரியாக இருந்த எழுத்தை அடித்து, தப்பான எழுத்தை எழுதியிருந்தார்.

“எனக்குத்தான் முட்டை மார்க்,” என்றார். “வாங்கோ.”

நாலரை மணிக்குப் பூங்காவில் மாலை நடைக்கூட்டம் திரண்டிருந்தது. ஹரிப்ரசாத் கையில் மனு, பாக்கெட்டில் வண்டிச் சாவி. மாரீஸ்வரன் கொட்டகையைவிட்டு நகரவில்லை. ஜயலக்ஷ்மி அம்மாள் சமுத்திரத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு, மூட்டு வலியோடு, வந்தே தீருவேன் என்று வந்திருந்தார்.

“கல்லு வந்திருச்சா?” என்றார் செயலாளர்.

“கிணறு வந்திருக்கு,” என்றார் டீச்சர்.

செயலாளரின் வெள்ளை மீசை ஒரு கணம் அசையாமல் நின்றது.

“உங்க மனுவைத் திருத்தினேன். மூணு இடத்துல ‘மா பாவி’ன்னு பிரிச்சு எழுதியிருக்கேள். பாவியைத் திட்டறவன் பிரிச்சு எழுத மாட்டான். ‘எங்கள் கிணறு’ன்னு மனசுக்குள்ள படிக்கறவன் கை தானா இடம் விடும். உங்க வீட்லயும் தெலுங்குதான்னு இந்த அம்மா சொன்னா. உங்களுக்கு அந்தக் கல்லோட அர்த்தம் தெரியும். மேடைக்கு அஸ்திவாரம் தோண்டினபோது செங்கல் வளையம் தட்டியிருக்கும். அப்பவே தெரிஞ்சிருக்கும்.”

“என்ன உளர்றீங்க?”

“சமுத்திரம், நீங்க உட்கார்ந்த மேடைக்கு அடியில என்ன இருக்கு?”

“பாவி இருக்கு டீச்சர். நான் இல்ல, கெணறு,” என்றான் சமுத்திரம்.

ஜயலக்ஷ்மி அம்மாள் செயலாளரைப் பார்த்துத் தெலுங்கில் இரண்டு வாக்கியம் பேசினார். என்ன சொன்னார் என்று கடைசிவரை சமுத்திரத்துக்குத் தெரியாது. ஆனால் இந்த முறை அது வசவுதான். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. ஹரிப்ரசாத்தின் தலை தொங்கியது.

“சனிக்கிழமை திறப்பு,” என்றார், யாரிடம் என்றில்லாமல். “கெணறு இருக்குன்னு சொன்னா நகராட்சிக்காரன் பொதுக் கெணறு, மூடக்கூடாதும்பான், மேடை கட்ட விடமாட்டான். மேடையில எங்கப்பா பேரு போடறதா இருந்துச்சு. அதான் சிலாப்பைப் போட்டுப் பூசச் சொன்னேன்.”

கூட்டத்தில் சலசலப்பு. காலையில் கேலி செய்த பெண் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டாள். இன்றுவரை எத்தனை மிதி என்று கணக்குப் போடுகிற முகம்.

“அப்போ கல்லையும் நீங்கதான் எடுத்தீங்க,” என்று எவரோ கத்தினார்.

“இல்லை!” செயலாளர் நிமிர்ந்தார். அந்த ஒரு சொல்லில் மட்டும் அவருக்குப் பழைய குரல் வந்தது. “எடுக்கணும்னுதான் திங்கக்கிழமை விடியுமுன்ன கம்பியோட வந்தேன். குழிதான் இருந்துச்சு. எனக்கு முந்தி எவனோ எடுத்துட்டான். நான் சத்தம் போடலைன்னா என்னைத்தான் கேப்பாங்கன்னு, நானே முதல்ல சத்தம் போட்டேன். சத்தியமா கல்லு என்கிட்ட இல்லை.”

டீச்சர் அவரை ஒரு விடைத்தாள் போல ஏற இறங்கப் பார்த்தார். “இதுல பிழை இல்லை,” என்றார். “மனுவைக் கொடுங்கோ.”

வாங்கி, நாலாக மடித்துக் கிழித்தார். சிவப்பு வட்டம் போட்ட நகலை மட்டும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். “இது எங்கிட்ட இருக்கட்டும். நாளைக்குக் காலம்பற மேடையை இடிக்க ஆள் வரலைன்னா, இதுக்குப் பின்னாடி நான் ஒரு மனு எழுதுவேன். அதுல பிழை இருக்காது.”

கூட்டம் மெல்லக் கலைந்தது. யாரும் மாரீஸ்வரனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை என்பதுதான் சரி. குழியைச் சுற்றிக்கொண்டு, அதைத் தாண்டாமல், ஓரமாக நடந்து போனார்கள்.

“டீச்சர்,” என்றான் சமுத்திரம். “செயலாளர் எடுக்கலைன்னா கல்லு எங்க?”

“அது என் கேள்வி இல்லை. காலம்பறயிலேருந்து அது உங்க கேள்வி.” சொல்லிவிட்டு, ஜயலக்ஷ்மி அம்மாளைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு, வேண்டுமென்றே அந்தப் பக்கம் முதுகு காட்டி நடந்தார்.

சமுத்திரம் கொட்டகைக்குப் போனான். கால்சட்டை கருக்கு மொருக்கு என்றது. காவலாளி விளக்குமாற்றைக் கீழே வைத்திருந்தான். கை சும்மா இருந்தால் அவன் வயதே குறைந்த மாதிரி இருந்தது.

“எல்லாம் கேட்டுச்சா தம்பி?”

“கேட்டுச்சு.”

“உங்க பூட்டன் எதையும் தாண்டி ஓடலை. கெணறு வெட்டியிருக்காரு.”

மாரீஸ்வரன் குனிந்து சாக்கின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தான்.

சமுத்திரம் இதுவரை நாலு தடவை கேட்டிருந்தான். நாலு தடவையும் கண்டக்டர் குரல், டிக்கெட் எடுத்தியா என்கிற குரல். இப்போது அந்தக் குரல் எங்கே போயிற்று என்று அவனுக்கே தெரியவில்லை. கேட்காமலே போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. கேட்டான்.

“கல்லை எடுத்தியா?”

“எடுத்தேன் அண்ணாச்சி.”

வேப்பம்பழம் ஒன்று தகரத்தில் விழுந்து உருண்டது.

“எம் மக பள்ளிக்கூடத்துல பூங்கா வரலாறுன்னு கட்டுரை எழுதினா. ‘துரோகி கருத்தையா’ன்னு. பரிசு குடுத்தாங்க. எனக்கு வாசிச்சுக் காட்டினா, அவளுக்கு ஒண்ணும் தெரியாது. மறுநாளு ஞாயித்துக்கெழமை ராத்திரி. ஒடைச்சுத் தூளாக்கிருவோம்னு சம்மட்டியோட பேத்தெடுத்தேன். ஓங்கினேன். பேரைப் பாத்தேன்.” புறங்கையால் மூக்கைத் துடைத்தான். “அவரு பேரு வேற எங்கயும் எழுதி இல்ல அண்ணாச்சி. ஒரு பட்டா கெடையாது, பத்திரம் கெடையாது. பாவின்னு போட்டிருந்தாலும் அதுல ஒண்ணுலதான் இருக்காரு. ஒடைக்கக் கை வரலை. பேரு மண்ணைப் பாக்க கவுத்துப் போட்டேன். யாரும் மிதிச்சிரக் கூடாதுன்னு மேல தண்ணிப் பானையை வச்சேன்.”

சமுத்திரம் பானையைப் பார்த்தான். சாக்கைப் பார்த்தான்.

“காலையில நீரு உக்காரப் போனீருல்லா,” என்றான் மாரீஸ்வரன். “அதுதான்.”